உலக்கை ஓய்ந்த பின்

நெல் குத்தும் உலக்கையின் ஓசை நம் வீடுகளில் அடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த உரல் இன்று சில இல்லங்களில் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியாகக் கொல்லையில் கிடக்கிறது. அதை மீண்டும் முற்றத்திற்குக் கொண்டுவர வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. அந்த ஓசையோடு நம் இல்லங்களை விட்டு அகன்றவை எவை என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

முதலில் அகன்றது தவிடு. கைக்குத்தல் அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி எஞ்சியிருக்கும். ஆலை அரிசியோ முத்துப்போல் வெளுத்து வருகிறது. அந்த வெண்மைக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியா நகரில், 1890களில், கிறிஸ்டியன் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் இதைக் கண்டறிந்தார். தீட்டிய வெள்ளரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. தவிடு நீங்காத அரிசியைக் கொடுத்ததும் தேறி எழுந்தன. மனிதரை வாட்டிய பெரிபெரி நோயின் காரணம் இதனால் விளங்கத் தொடங்கியது. தவிட்டிலுள்ள சத்துக்குப் பின்னாளில் தயமின் என்று பெயரிட்டனர். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கல் அரிசி உண்ட நம் பாட்டிமார் நோபல் பரிசை அறியார். ஆனால் அதன் பயனை அறிந்திருந்தனர்.

அடுத்து அகன்றவை கேழ்வரகும் கம்பும் வரகும் சாமையும். ஏழைகளின் உணவென்று இவற்றை ஒதுக்கினோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே காணலாம். ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நாம் வெட்கப்பட்டு விலக்கிய தானியம் இன்று அழகிய பொட்டலத்தில், அரிசியைவிட அதிக விலையில், நம்மிடமே திரும்பி வருகிறது!

மூன்றாவதாக அகன்றது உழைப்பு. உண்பதற்கு முன் குத்தினர், அரைத்தனர், நீர் இறைத்தனர், வயலுக்கு நடந்தனர். சோறு மிகுந்திருந்தாலும் உடல் அதைச் செலவழித்தது. நாமோ சோற்றை வைத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 14.4 பேருக்கு நீரிழிவு உண்டு. நாடு முழுவதற்குமான அளவு 11.4. வாரத்திற்கு 150 நிமிடமாவது உடல் சற்று வேகமாக இயங்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாளொன்றுக்கு அரைமணிக்கும் குறைவு! கடைத்தெருவிற்கும் ஆலயத்திற்கும் நடந்து சென்றாலே பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

ஆயினும், பழையன யாவும் பொன்னென்று எண்ணுதல் தகாது. தாது வருடப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தில் மாண்டோர் பல லட்சம். நம் முன்னோருள் பலர் குறைவாக உண்டது அறிவினால் அன்று, கிடைக்காமையினால். கேழ்வரகும் மாவுப் பொருளே. அதை நைசாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, வெல்லமிட்டுக் குவளை குவளையாகப் பருகினால் சர்க்கரை ஏறவே செய்யும். கூழை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவது பேராபத்து.

முன்னோரிடமிருந்து நாம் தொடரக்கூடாத வழக்கமும் ஒன்று உண்டு. அப்பா உண்டு, பிள்ளைகள் உண்டு, விருந்தினர் உண்டு, இறுதியில் சட்டியில் ஒட்டியதைத் தாய் உண்பது. இதைத் தியாகமென்று போற்றிவந்தோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையுற்றவர்கள். இதற்குக் காரணங்கள் பல. ஆனால் குழம்பில் பருப்பும் கீரையும் தீர்ந்த பின் அடுப்படியில் தனித்து உண்ணும் வழக்கத்திற்கும் அதில் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்? தாயின் இரத்தம் குன்றினால் அவள் வயிற்றில் வளரும் குழந்தையின் நலமும் குன்றும்.

ஆகவே, நம் இல்லங்களில் செய்யத்தக்கவை எளியவை. தட்டில் சோற்றைச் சற்றுக் குறைத்து, காய்கறி, கீரை, பருப்பைக் கூட்டுவோம். வாரம் இருமுறை கேழ்வரகு அடையோ கம்பஞ்சோறோ சமைப்போம். கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ப்போம். அவை இரும்புச்சத்தை உடலில் சேர்க்க உதவும். உணவு முடிந்த கையோடு தேநீர் அருந்துவதைத் தவிர்ப்போம். அது அச்சத்தைத் தடுக்கும். அம்மியையும் குடத்தையும் அம்மாவுக்கே விட்டுவிடாமல், வீட்டு வேலையைப் பிள்ளைகள், ஆண்பிள்ளைகள் உட்பட, பகிர்ந்து செய்யட்டும். உடலுக்கு அதுவே பயிற்சி. உள்ளத்திற்கும் அதுவே பயிற்சி.

இன்றிரவே தொடங்கலாம். உணவு பரிமாறும்போது வீட்டிலுள்ளோர் எத்தனை பேரோ அத்தனை தட்டுகளையும் ஒருசேர வையுங்கள். அம்மாவின் தட்டு நிறைந்த பிறகே மற்றவர் கை நனைக்கட்டும்.