மூக்கைப் பொத்திக்கொண்டு குடிப்பவர்கள்

வேங்கிக்கால் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பெரியப்பாவிடம் ஷெர்ரி பீப்பாய் பற்றிப் பேசியது என் தப்புதான். பெங்களூரில் அம்ருத் இன்டர்மீடியட் ஷெர்ரி ருசித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். போர்பன் பீப்பாயிலும் புது ஓக்கிலும் முதிர்ந்து, நடுவில் ஷெர்ரி பீப்பாயில் தங்கி, மறுபடி போர்பன் பீப்பாய்க்குத் திரும்பும் சிங்கிள் மால்ட். 57.1 சதவீதம். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டதும் காரம் அடங்கி, பஞ்சாமிர்தத்தின் அடியில் கிடக்கும் பேரீச்சம்பழ வாசனை எழுந்தது.

“சாராயத்துக்கு எதுக்குடா இவ்ளோ சப்பைக்கட்டு?” என்றார்.

அவர் கேட்கலாம். அவர் மகன், என் அண்ணன், நாற்பத்தொரு வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். நல்ல விஸ்கியும் ஈரலைக் கெடுக்கும். அதில் எனக்கு வாதமே இல்லை. என் சண்டை வேறு. குடியை ஒழுக்கக் கேள்வியாக மட்டுமே பேசிப் பேசி, குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கத்தையே தொலைத்துவிட்டோம்.

ருசி பார்ப்பது வெள்ளைக்காரன் பவிசு என்பார்கள். பெங்களூர் பேருந்து செங்கம் தாண்டித்தான் திருவண்ணாமலைக்கு வருகிறது. அந்தச் செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் தேறலைப் பேசுகிறது. எதில் ஊறியது என்பது அன்றைக்கே சொல்லத்தக்க விஷயமாக இருந்திருக்கிறது.

இன்றைக்கு? இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி, கரும்பாலை மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் கலந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு விஸ்கி என்ற பெயரே கிடைக்காது. தானியத்திலிருந்து வந்திருக்க வேண்டும், 3 வருஷமாவது மரப்பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். 2003 முதல் இங்கே சில்லறை மது விற்பனை அரசின் கையில். ஆனாலும் இதைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சில்லை. ‘மூடு’ அல்லது ‘திற’, அவ்வளவுதான்.

பீப்பாய்க்காரர்களும் அரிச்சந்திரர்கள் இல்லை. 1980களில் ஸ்பெயின் ஷெர்ரியைப் பீப்பாயோடு ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. இப்போது வருபவை பெரும்பாலும் விஸ்கிக்காகவே ஷெர்ரி ஊற்றிப் பழக்கிய பீப்பாய்கள். ஆனால் அங்கே குடிப்பவன் கேட்கிறான்: எந்தப் பீப்பாய், எத்தனை வருஷம், நிறம் சேர்த்தாயா? அவன் கேட்பதால் லேபிளில் பதில் வருகிறது.

2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அப்போதும் என் காதில் முதலில் விழுந்தது “குடிகாரனுங்கதானே?” என்பதுதான். யார் கலந்தது என்பது அப்புறம்தான் வந்தது. ஒழுக்கம் பேசுபவனைப்போல் கலப்படக்காரனுக்கு வசதியான ஆள் வேறு கிடையாது.

அண்ணன் ஒருநாளும் ருசித்துக் குடித்ததில்லை. மூக்கைப் பொத்தி ஒரே மடக்கு, உடனே ஊறுகாய். நான் இதையெல்லாம் கொட்டி முடித்ததும் பெரியப்பா மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ உங்க அண்ணன் குடிச்சதுல என்னதான்டா இருந்துச்சு?”

தெரியலை பெரியப்பா என்றேன். அவன் இருந்தவரை நானும் கேட்டதில்லை.