கணக்குத் துணி எங்கே, கனம் அமைச்சரே?



இங்கிலாந்து நாட்டிலே நிதியமைச்சருக்கு விந்தையானதொரு பட்டம் உண்டு. 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்பார்கள். எக்ஸ்செக்கர் என்றால் என்ன? கருவூலம் என்பீர்கள். பொக்கிஷம் என்பீர்கள். இல்லை! கட்டம் போட்ட துணி! 12-ஆம் நூற்றாண்டிலே, வரி தண்டி வந்த அதிகாரிகளை ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்துவார்கள். மேசைமீது சதுரங்கப் பலகைபோல் கட்டம் கட்டமாகக் கோடிட்ட துணி விரித்திருக்கும். வரவேண்டிய தொகைக்கு ஒரு பக்கம் காய் வைப்பார்கள். வந்து சேர்ந்த தொகைக்கு மறுபக்கம் காய் வைப்பார்கள். குறைந்தது எவ்வளவு, மறைந்தது எவ்வளவு என்பது எழுத்தறியாதவன் கண்ணுக்கும் பளிச்செனத் தெரியும். அந்தத் துணியின் பெயர்தான் இன்றளவும் அந்தப் பதவியின் பெயர்!

அன்று கணக்குக் கேட்டவன் மன்னன். இன்று கேட்பவர்கள் மக்கள் அனுப்பிய பிரதிநிதிகள். பாராளுமன்றத்திலே நிதியமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளாக அந்த இடத்திலே யார் வந்து நின்றாலும் இரண்டு கேள்விகள் துரத்துகின்றன. "போட்ட திட்டத்துக்கு ஏன் இவ்வளவு செலவு?" என்பது ஒன்று. "ஓடிக்கொண்டிருந்த வாணிபம் ஏன் நொண்டுகிறது?" என்பது மற்றொன்று. பதில் வருகிறது. பக்கம் பக்கமாக வருகிறது. கணக்குத் துணியைத்தான் காணோம்!

ஐயாயிரம் மைலுக்கு அப்பால் நடப்பது நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். அங்குள்ள பாட்டாளியின் பையிலிருந்து பணம் போன விதம், எங்குமுள்ள பாட்டாளிக்கும் பாடம்.

முதலில் இருப்புப்பாதைக் கதையைக் கேளுங்கள். லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு அதிவேக ரயில். அங்கிருந்து இரு கிளை. ஒன்று மான்செஸ்டருக்கு, ஒன்று லீட்சுக்கு. 'எச்.எஸ்.2' என்று பெயர். 2009-இல் தொழிற்கட்சி ஆட்சியிலே கருவான திட்டம். தெற்கே லண்டன் கொழுக்கிறது, வடக்கே ஆலை நகரங்கள் இளைக்கின்றன, இரண்டையும் இணைத்து ஏற்றத்தாழ்வைப் போக்குவோம் என்றார்கள். நல்ல நோக்கம்! யார் மறுப்பார்கள்?

2012-இல் சொன்ன செலவு 3,270 கோடி பவுண்டு. 2015-இல் அது 5,570 கோடி. 2019-இல் 8,100 கோடியிலிருந்து 8,800 கோடிவரை என்றார்கள். 2020-இல் அரசாங்கமே அமைத்த ஆய்வுக்குழு, 10,600 கோடியைத் தொடக்கூடும் என்றது. பணத்தின் மதிப்பு வீழ்ந்ததே, அதைக் கழிக்க வேண்டாமா என்று கேட்பார்கள். கழித்தே பாருங்கள். அப்போதும் இரண்டு மடங்குக்கு மேல் நிற்கிறது! 2026-இல் ஓடும் என்று முதலில் சொன்ன ரயில், 2033-இலும் ஓடாது என்று 2025 ஜூன் மாதத்திலே போக்குவரத்து அமைச்சர் ஹெய்டி அலெக்சாண்டர் பாராளுமன்றத்திலேயே சொன்னார்.

ஏன் இப்படி ஆயிற்று? கூலிக்காரன் கூடுதலாகக் கேட்டானா? சுரங்கம் தோண்டியவன் சுகமாகத் தூங்கினானா? இல்லை! அதே ஜூன் மாதத்திலே ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவரின் அறிக்கை வெளிவந்தது. வரைபடம் முதிர்வதற்கு முன்பே வேலையைத் தொடங்கச் சொல்லி அரசியல் நெருக்கடி இருந்தது என்கிறது அறிக்கை. வீட்டைக் கட்டிப்பார் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அவர்கள்கூட எத்தனை அறை, எந்தப் பக்கம் வாசல் என்று தெரிந்த பிறகுதான் கொத்தனாருக்கு அச்சாரம் கொடுப்பார்கள். இங்கே அச்சாரம் முதலில், அளவு பிறகு! செலவு ஏறினால் ஏறியதைக் கட்டுவது யார்? பெரும்பகுதி குத்தகைக்காரர் அல்ல, அரசாங்கம். அரசாங்கம் என்றால் யார்? வரி கட்டுகிறானே, அவன்!

பக்கிங்காம்ஷயரிலே ஒரு காடு. அரியவகை வௌவால்கள் வாழும் காடு. ரயிலிலே அவை அடிபடாதிருக்க, பாதைக்குமேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கூடு. செலவு 10 கோடி பவுண்டுக்கு மேல்! வௌவால்மீது எனக்குப் பகையில்லை, தோழர்களே. அதுவும் வாழட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வௌவாலைக் காக்கச் சட்டம் இருந்தது. ஆகவே அதன் பங்கை யாராலும் வெட்ட முடியவில்லை. லீட்ஸ் நகரத்துத் தொழிலாளிக்கு எந்தச் சட்டம் இருந்தது?

செலவு மிஞ்சியதும் கத்தரிக்கோலை எடுத்தார்கள். எங்கே வெட்டினார்கள்? லண்டன் பக்கமா? அல்ல! 2021 நவம்பரிலே லீட்ஸ் கிளையை வெட்டினார்கள். 2023 அக்டோபர் 4-ஆம் நாள் மான்செஸ்டர் கிளையை வெட்டினார் பிரதமர் ரிஷி சுனக். 2020 முதல் 2022 வரை கருவூலச் சாவியை இடுப்பிலே செருகியிருந்த நிதியமைச்சரும் அவரேதான்! அறிவித்த இடம் எது தெரியுமா? மான்செஸ்டர்! தம் கட்சி மாநாட்டு மண்டபத்திலே! அந்த மண்டபம் முன்னாளிலே என்னவாக இருந்தது தெரியுமா? ரயில் நிலையம்! 1830-இல் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே நீராவி ரயிலை ஓடவிட்டு உலகத்துக்கே வழிகாட்டிய ஊர் அது. அந்த ஊரிலே, பழைய ரயில் நிலையத்திலே நின்றுகொண்டு, உங்களுக்குப் புதிய ரயில் இல்லை என்கிறார்!

மிச்சமாகும் 3,600 கோடி பவுண்டை வேறு போக்குவரத்துப் பணிகளுக்குத் தருகிறோம் என்று ஒரு பட்டியல் நீட்டினார்கள். அதிலே மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு டிராம் பாதை என்று ஒரு வரி. அந்தப் பாதை 2014-லேயே திறக்கப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது! பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் அந்த வரியை நீக்கினார்கள். பிறந்து ஒன்பது வயதான பிள்ளைக்குத் தொட்டில் வாங்குகிறேன் என்பதுபோல் இல்லையா இது?

'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்று நாம் முழங்கினோம். அங்கே திசைதான் மாறியிருக்கிறது, திருவிளையாடல் மாறவில்லை! அங்கே தெற்கு வாழ்கிறது, வடக்கு தேய்கிறது. லங்காஷயர் துணி என்று நம் தாத்தாக்கள் அறிந்திருந்த ஆலைச் சீமைதான் அந்த வடக்கு. நம் நெசவாளியின் தறியை நசுக்கிய ஆலைகள் அங்கே இருந்தன என்பது வரலாறு. ஆனால் அந்த ஆலையிலே உழைத்து ஓடாய்ப் போனவனின் பேரன்மீது நமக்கேது கோபம்? ஏமாற்றப்பட்டவன் எந்த ஊரானாலும் நம் தோழன்.

இனி இரண்டாவது கேள்வி. வாணிபம் நொண்டுவது ஏன்? 2016 ஜூன் 23-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா, வேண்டாமா என்று வாக்கெடுத்தார்கள். வாரந்தோறும் 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குப் போகிறது, அதை மருத்துவமனைக்குத் தருவோம் என்று சிவப்புப் பேருந்திலே எழுதி ஊரெல்லாம் ஓட்டினார்கள். அந்தத் தொகை மக்களைத் தவறாக எண்ண வைப்பது என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையமே கண்டித்தது. கண்டனத்தை யார் படித்தார்கள்? பேருந்தைத்தான் பார்த்தார்கள்! சண்டர்லேண்டு போன்ற வடக்கத்தித் தொழில் நகரங்கள் விலகலுக்கே வாக்களித்தன. அவர்களை ஏளனம் செய்யாதீர்கள். ஆண்டாண்டு காலமாக அலட்சியம் செய்யப்பட்டவன், கையிலே கிடைத்த வாக்குச் சீட்டை ஓங்கி வீசினான்.

2018 நவம்பரிலே நிதியமைச்சராக இருந்த பிலிப் ஹாமண்டு, பொருளாதாரக் கண்கொண்டு மட்டும் பார்த்தால் விலகலால் நட்டம் உண்டு என்று ஒப்புக்கொண்டார். வாக்கு வாங்கி இரண்டு ஆண்டு கழித்து வந்த உண்மை அது! பந்தி முடிந்து பாயைச் சுருட்டிய பிறகு, பாயசத்திலே உப்பு விழுந்தது என்றாராம் சமையற்காரர்!

2021 ஜனவரி 1 முதல் எல்லையிலே புதிய முறை. மீன் விற்பவனுக்கும் இறைச்சி விற்பவனுக்கும் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும், படிவம் வேண்டும், முத்திரை வேண்டும். நண்டும் சிப்பியும் முத்திரைக்காகக் காத்திருக்குமா? நாறிப்போகும்! அந்த மாதமே, கடலுணவு ஏற்றும் லாரிக்காரர்கள் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்து லண்டனிலே பிரதமர் மாளிகைக்கு அருகே வண்டிகளை நிறுத்தி முறையிட்டார்கள். இந்த விலகலால் காலப்போக்கிலே ஏற்றுமதி இறக்குமதியின் அளவு, விலகாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட நூற்றுக்கு 15 குறையும், நாட்டின் உற்பத்தித் திறன் நூற்றுக்கு 4 குறையும் என்பது அந்நாட்டு வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு.

இங்கேதான் இரண்டு கேள்விகளும் கைகோக்கின்றன. ஐரோப்பா தன் எல்லையிலே முதல் நாளே சோதனையைத் தொடங்கிவிட்டது. பிரிட்டன் தன் பக்கத்துச் சோதனையை ஐந்து முறை தள்ளிப்போட்டது! ஐந்து முறை! எல்லை ஏற்பாடுகளுக்கான செலவு குறைந்தது 470 கோடி பவுண்டு என்று 2024 மே மாதத்திலே அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. போர்ட்ஸ்மத் துறைமுகத்திலே ஏறத்தாழ 2.5 கோடி பவுண்டில் ஒரு சோதனைச் சாவடி எழுந்தது. கட்டி முடித்தபின் விதியை மாற்றினார்கள். பெரும்பகுதி தேவையில்லை என்றாயிற்று! 2024 ஏப்ரல் 30-இல் ஒருவழியாகச் சோதனை தொடங்கியது. ஒரு சரக்குத் தொகுதிக்கு 145 பவுண்டுவரை கட்டணம். பெரிய கம்பெனி தாங்கும். ஒரு பெட்டி பாலாடைக்கட்டி தருவிக்கும் சின்னக் கடைக்காரன் தாங்குவானா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! ஓராண்டுகூட உருண்டோடியது, 2025 மே 19-இல் மறுபடி ஐரோப்பாவோடு கைகுலுக்கி, இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றை நீக்கும் உடன்பாட்டை நோக்கி நடப்போம் என்றார்கள். கட்டியதும் மக்கள் பணம், காத்ததும் மக்கள் பணம், கைவிடப் போவதும் மக்கள் பணம்!

இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் யார்? 2016 ஜூலை முதல் 2024 ஜூலை வரை, எட்டே ஆண்டுகளில் நிதியமைச்சர் பதவி ஏற்றவர்கள் ஏழு பேர்! ஹாமண்டு, ஜாவித், சுனக், சகாவி, குவார்ட்டெங், ஹண்டு, ரீவ்ஸ். கேட்டால் என்ன சொல்வார்கள்? "அது எனக்கு முன்னே நடந்தது" என்பார் இவர். "நான் போன பிறகு கெட்டது" என்பார் அவர். 2024 ஜூலையிலே பொறுப்பேற்ற ரேச்சல் ரீவ்ஸ், முன்னவர்கள் 2,200 கோடி பவுண்டுப் பள்ளத்தை விட்டுப் போனார்கள் என்று அறிவித்து, சில சாலைத் திட்டங்களை நிறுத்தினார். இருக்கலாம்! ஆனால் அந்த ரயில் திட்டத்தைத் தொடங்கி வைத்ததே அவருடைய தொழிற்கட்சிதானே! பெற்றது ஒரு கட்சி, ஊதவைத்தது ஒரு கட்சி, காலை வெட்டியதும் அதே கட்சி, கட்டுப் போட வந்தது மறுபடி முதற்கட்சி. ஆளவந்தார் மாறினார்கள். அடிப்பட்டவன் மாறவில்லை!

ஆகவே, கழகத் தோழர்களே, ஒன்றைச் சொல்கிறேன், உள்ளத்திலே பதியுங்கள். திட்டம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். ரயில் வேண்டும், துறைமுகம் வேண்டும், ஆலை வேண்டும். செலவு என்று சொல்லி ஏழையின் திட்டத்தை முடக்கும் சீமான்களின் கட்சியல்ல நாம். ஆனால் முதலிலே சொல்லும் சின்னக் கணக்குதான் பின்னாலே பெரிய வெட்டாக வந்து விழுகிறது. விழும்போது குரலற்றவன் தலையிலேதான் விழுகிறது. ஆகவே அடிக்கல் நாட்டும்போதே கேளுங்கள். "முழுச் செலவு என்ன? மிஞ்சினால் யார் பங்கு வெட்டப்படும்?" என்று கேளுங்கள். மாலை போடும் நாளிலே கேட்காதவன், மண்ணைப் போடும் நாளிலே கேட்டுப் பயனில்லை.

எதிர்க்கட்சி அமைச்சரிடம் மட்டும் கேட்டால் போதுமா? போதாது! நம்மவர் அந்த நாற்காலியிலே அமர்ந்திருக்கும்போதும் கேளுங்கள். அப்போதுதான் அதிகமாகக் கேளுங்கள்! மாற்றானைக் கேட்பதற்கு நாக்கு போதும். நம்மவனைக் கேட்பதற்கு நெஞ்சு வேண்டும்.

அந்த நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. தணிக்கை அலுவலகம் ஆட்சிக்கு அஞ்சாமல் அறிக்கை எழுதுகிறது. எழுதியதால்தான் 470 கோடி என்ற எண் உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. துணி இன்னும் கிழியவில்லை, மடித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மடித்ததை விரிக்க வைப்பது மக்களின் வேலை.

விரியுங்கள் துணியை, கனம் அமைச்சரே! காய்களை வையுங்கள். எழுத்தறியாதவனும் எண்ணிப் பார்க்கட்டும்!