தோட்டத்துச் சாலை யார் கணக்கில்?

2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர் கே. சிவலிங்கம் காலமானார். அதே மாதம் 28-ஆம் தேதி இடைத்தேர்தல். இடைப்பட்ட சில வாரங்களில் ஈஜோக் வட்டாரம் கண்ட வேகத்தை அங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. மனுமேல் மனு போட்டும் அசையாத சாலைகளில் தார் விழுந்தது, இருண்டு கிடந்த இடங்களில் விளக்கு எரிந்தது. அதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. அந்தச் சாலைகளை யாரோ பட்டியலில் எழுதினார்கள், வேலை நடந்தது.

இந்தப் பட்டியலில்தான் நகராண்மைப் பொறியாளரின் பொறுப்பு தொடங்குகிறது. ஈஜோக்கும் அடங்கிய கோல சிலாங்கூர் மாவட்ட மன்றம் 2021-இல் நகராண்மைக் கழகமாகத் தரம் உயர்ந்தது. பெயர்ப் பலகை மாறியது நல்லதுதான். ஆனால் புக்கிட் ரோத்தானிலும் ஜெராமிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் செம்பனைக்கு நடுவே இருக்கும் குடியிருப்புகளுக்கு அந்த உயர்வு எப்போது வந்து சேரும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சாலை ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதற்கு எசமானர்கள் பலர். கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் வழியாகச் சபாக் பெர்ணம் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை பொதுப்பணித் துறையின் கையில். வீடமைப்புப் பகுதியின் உட்சாலைகள் கழகத்தின் கையில். மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்குக் கூட்டரசு தரும் மானியம், மாரிஸ் என்ற பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்கு மட்டும்தான். தோட்டத்துச் செம்மண் சாலை கம்பெனி நிலத்தில் கிடக்கிறது, பதிவேட்டில் இல்லை. அதனால் அது கழகத்தின் கண்ணுக்கும் படுவதில்லை. வேலைக்காரர்களின் வீடு, தண்ணீர், வடிகால் ஆகியவற்றை 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் முதலாளியின் தலையில் வைத்திருக்கிறது. மேற்பார்வை தொழிலாளர் துறைக்கு. ஓய்வு பெற்றும் லயத்திலேயே தங்கிவிட்டவர், வெளியே வேலைக்குப் போகும் அவர் பிள்ளை, பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் பேத்தி, இவர்களெல்லாம் யார் கணக்கு?

தோட்டத்து வாசலில் இருக்கும் குழாய்ப் பாலத்தைப் பார்த்தாலே நிலைமை விளங்கும். வாய்க்காலின் குறுக்கே ஒரு சிமெண்டுக் குழாய், மேலே இரண்டடி மண். குலை ஏற்றிய லோரி நாள்தோறும் அதன்மேல் ஏறி இறங்குகிறது. மண் கரைந்து குழாயின் முதுகு தெரிகிறது, பிறகு விரிசல், பிறகு உடைசல். மிதந்து வந்த செம்பனை மட்டை உள்ளே சிக்கிக்கொள்கிறது. அடுத்த பெருமழையில் தண்ணீர் சாலைமேல் ஏறுகிறது, ஆம்புலன்ஸ் வெளியே நின்றுவிடுகிறது. குழாயின் விட்டம் போதுமா, மேலே எவ்வளவு மண் வேண்டும், எத்தனை டன் தாங்கும் என்பதெல்லாம் பொறியாளர் அரைநாளில் கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியவை. அந்த அரைநாள்தான் கிடைப்பதில்லை.

வட சிலாங்கூரின் மண்ணே தனி. கடலோரம் தாழ்வான களிமண். உள்ளே ராஜா மூசா காட்டை ஒட்டிக் கரிச்சதுப்பு. கரிச்சதுப்பில் தண்ணீரை வடித்தால் நிலம் இறங்கும். கட்டியபோது சரியாக ஓடிய வாய்க்கால் சில ஆண்டுகளில் சாய்வு மாறித் தேங்கி, கொசுவுக்கும் இடம் கொடுத்துவிடும். கடலோரத்தில் வேறு தொல்லை. ஓதம் ஏறும்போது மதகுக் கதவுகள் மூடியிருக்கும். அந்த நேரம் பார்த்து மழை கொட்டினால் தண்ணீர் போக வழியில்லை. மதகு வடிகால் நீர்ப்பாசனத் துறையுடையது, தெருவோரக் கால்வாய் கழகத்துடையது, நடுவிலிருக்கும் பள்ளம் தோட்டத்துடையது. 2021 டிசம்பர் வெள்ளம் இந்த எல்லைகளில் எதையும் மதிக்கவில்லை.

பொறுப்பைப் பற்றிப் பேசும்போது ஹைலண்ட் டவர்ஸை விட முடியாது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் அந்த அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் 2000-இல் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கும் 15 விழுக்காடு பொறுப்பு உண்டு என்றது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவைக் காட்டி, கழகத்தை விடுவித்தது. மறு ஆண்டு ஏப்ரலில் குடியேறும் தகுதிச் சான்றிதழை ஊராட்சி மன்றங்கள் வழங்கும் முறையும் முடிந்தது. கையொப்பம் தனியார் கட்டடக் கலைஞர், பொறியாளர் பக்கம் போனது. சட்டம் அதிகாரிக்குக் கவசம் தந்திருக்கிறது. கவசம் உள்ளவர் துணிந்து உள்ளே போக வேண்டும், கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒதுங்கக் கூடாது. அதே சட்டத்தில் இன்னோர் இடமும் இருக்கிறது: மோசமாகக் கிடக்கும் தனியார் தெருவை உரிமையாளர் சீராக்க வேண்டும் என்று நோட்டீஸ் கொடுக்கலாம், சீரான பின் பொதுத் தெருவாக ஏற்கலாம். தோட்டத்துக்கு இதை எந்த அளவு பொருத்தலாம் என்று கழகம் தன் சட்ட ஆலோசகரைக் கேட்கட்டும்.

இப்போது கேட்பதற்குக் காரணமும் உண்டு. 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்தபின் கோலாலம்பூர் நெருங்கி வந்துவிட்டது. புஞ்சாக் ஆலாம் பக்கம் தோட்டங்கள் வீடுகளாகிக்கொண்டிருக்கின்றன. மரம் நின்ற மண் உறிஞ்சிய மழை, கூரையிலும் தாரிலும் விழுந்து ஒரே வேகத்தில் ஓடும். அதைத் தேக்கி மெல்ல விடும் குளம் வேண்டும் என்கிறது வடிகால் துறையின் மஸ்மா கையேடு. குளம் வரைபடத்தில் இருப்பது போதாது. கீழ்ப்பக்கத்து லயத்தின் பின்வாசலில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கேட்டுவிட்டுத்தான் பொறியாளர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, நைகல் கார்ட்னர், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் பல ஆண்டுகள் போராடி வீட்டுத் திட்டம் பெற்றன. அப்படிப்பட்ட குடியிருப்பின் சாலையும் கால்வாயும் அரைகுறையாகக் கட்டி ஒப்படைக்கப்பட்டால், அதைக் கண்ணை மூடி ஏற்றுக்கொள்ளும் பொறியாளர் அவர்களுக்கு அநியாயம் செய்கிறார்.

பணம் இல்லை என்பார்கள். அளவெடுக்கப் பெரும் பணம் வேண்டாம். கழக எல்லைக்குள் இருக்கும் தோட்டக் குடியிருப்புகள் ஒவ்வொன்றின் சாலை நீளம், குழாய்ப் பாலங்களின் நிலை, வடிகாலின் சாய்வு, ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்பதை எழுதி, தமிழிலும் மலாயிலும் பொதுவில் வைக்கலாம். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கெனத் தனித் தலைப்பு ஒன்றைக் கழக உறுப்பினர்கள் கேட்டு வாங்க வேண்டும். வட்டாரத்தின் இந்தியச் சமூகத் தலைவர்கள் பொறியாளரோடு கூடவே நடந்து, எந்த வீட்டுப் பின்புறத்தில் எவ்வளவு நாள் தண்ணீர் நிற்கிறது என்று காட்ட வேண்டும்.