பயணியும் பெற்றோரும்

மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்த இப்னு பதூதா, ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்ற 1325இல் பெற்றோரைப் பிரிந்து தனியே புறப்பட்டார். டில்லியிலும் மாலத்தீவிலும் காழியாகப் பணிபுரிந்தார், மதுரைக்கும் வந்தார். ‘ரிஹ்லா’ என்னும் அவரது பயணநூலை உலகம் இன்றும் போற்றுகிறது.

ஆனால் அப்புகழின் விலையையும் எண்ணிப் பாருங்கள். தந்தையார் மறைந்து 15 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1348இல் டமாஸ்கஸில் அச்செய்தியை அறிந்தார். மறு ஆண்டு ஊர் திரும்பும் வழியில், கொள்ளைநோய்க்கு அன்னையாரும் இரையான செய்தி எட்டியது. அவர் காணக் கிடைத்தது தாயின் கப்று மட்டுமே!

கல்விக்கும் ஹலாலான பிழைப்புக்கும் கடல் கடப்பது குற்றமன்று. பெற்றோரை மறப்பதே குற்றம். அன்று செய்தி வந்துசேர ஆண்டுகள் ஆயின; இன்று நொடிப்பொழுது போதும். அயல்நாட்டில் உழைக்கும் மைந்தர்களே, இந்த ஜும்ஆ நாளில் உங்கள் தாயின் குரலைக் கேட்டீர்களா?