இரண்டாவது எண் யாருடையது?

செப்டம்பர் முதல் வாரம் லண்டனில் ஆரம்பப் பள்ளிகள் திறக்கின்றன. சீருடை, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வாங்கி ஓய்ந்த பிறகு, பெற்றோர் கடைசியாகக் கை வைப்பது பள்ளி அனுப்பும் விவரப் படிவத்தில்தான். கைபேசிச் செயலியில் வரும் அதைப் பேருந்தில் நின்றபடியே நிரப்பி அனுப்புபவர்களும் உண்டு. அவசரத் தொடர்பு: அப்பா, அம்மா. நோய்: இல்லை. ஒவ்வாமை: இல்லை. முடிந்தது வேலை. ஆனால் இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றின் பின்னாலும் இந்த நகரத்தில் நடந்த ஒரு சாவு இருக்கிறது.

2016 அக்டோபரில் ஹாக்னியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நான்கு வயது சாட்ராக் முலோ தாயின் உடலோடு இறந்து கிடந்தான். தாய்க்கு வலிப்பு நோய். வலிப்பு வந்து அவர் முதலில் இறந்திருக்கிறார். பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு. யாரையும் உதவிக்கு அழைக்கத் தெரியவில்லை. பசியிலும் தாகத்திலும் அவனும் போனான். பள்ளி சும்மா இருக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தது, வீட்டுக்கு ஆள் அனுப்பியது. போனவர்களால் கட்டடத்துக்குள் நுழைய முடியவில்லை. பள்ளியின் கையில் இருந்தது ஒரே ஒரு எண், அதுவும் இறந்துபோன தாயின் எண். மரண விசாரணை அதிகாரி மேரி ஹாஸல் இதை அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 2018 செப்டம்பரிலிருந்து, இயன்றவரை ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட அவசரத் தொடர்பு எண்களை வைத்திருக்க வேண்டும் என்பது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான பாதுகாப்பு வழிகாட்டலில் இடம்பெற்றது.

எண்ணிக்கையை வழிகாட்டல் கேட்கிறது. அந்த எண்கள் யாருடையவை என்பதைப் பெற்றோரிடம் விட்டுவிடுகிறது. நம் வீடுகளில் இரண்டாவது எண் என்றால் கணவனுடையது, அல்லது மனைவியுடையது. ஒருவர் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை, கைபேசி லாக்கரில். மற்றவர் டெலிவரி வண்டியில், அல்லது கடையின் கல்லாவில். விடுமுறைக்கு இருவரும் ஒரே காரில் பயணிக்கிறார்கள். ஒரே வீட்டின் இரண்டு எண்கள் நடைமுறையில் ஓர் எண்தான். ஹாக்னியில் தேவைப்பட்டது வேறொரு கூரையின் கீழ் இருக்கும் ஓர் ஆள்.

அப்படி ஆள் இல்லாதவர்கள் அல்ல நாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, ஊர்ச் சங்கம், கோயில், ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ அடுத்த தெருவில் ஒன்றுவிட்ட தம்பி. ஆனாலும் எண்ணை எழுத வரும்போது, "ஏன் அவைக்கு வீண் கரைச்சல்?" என்று கை பின்வாங்குகிறது. கல்யாண வீட்டுக்கு நூறு பேரைக் கூப்பிடத் தயங்காதவர்கள், பிள்ளையைப் பொறுப்பேற்க ஒருவரைக் கேட்கத் தயங்குகிறோம்.

ஹாக்னிச் சம்பவத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. பள்ளிப் படிவங்களில் பிள்ளையின் நோயை எழுதத்தான் இடம் இருக்கும், பெற்றோரின் நோய்க்கு இல்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு வலிப்போ இன்சுலின் போடும் நீரிழிவோ இருந்தால் அதைப் பள்ளிக்குத் தெரிவிப்பதுதான் நல்லது. நம்மவர்கள் சொல்வதில்லை. சொன்னால் 'சோசியல் சர்வீஸ்' கதவைத் தட்டும் என்ற பயம். பயத்தைப் பழிக்க மாட்டேன், அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், பெயரும் பள்ளி வாசலிலேயே ஒட்டப்பட்டிருக்கும். பிரச்சினை வருமுன் அவரிடம் பேசி வைத்தவருக்கும், வந்தபின் விளக்கம் சொல்ல நேர்ந்தவருக்கும் நடக்கும் உரையாடல்கள் ஒன்றல்ல.

அடுத்தது ஆஸ்துமா. லூவிஷமில் சவுத் சர்க்குலர் சாலையோரம் வளர்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை தீர்த்துச் சொன்னது. பிரிட்டனில் அப்படி ஒரு தீர்ப்பு அதுவே முதல். லூவிஷம் சிவன் கோயிலுக்குப் போகும் குடும்பங்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றன.

கோடை முடிந்து பள்ளி திறந்ததும், செப்டம்பர் நடுவில், மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை சட்டென்று ஏறும். ஆண்டின் 38-ஆவது வாரத்தை ஒட்டி இது நடப்பதால் மருத்துவர்கள் அந்த எண்ணைச் சொல்லியே பேசிக்கொள்கிறார்கள். வகுப்பறையில் பரவும் சளிக் கிருமி ஒரு காரணம். விடுமுறையில் தினசரித் தடுப்பு இன்ஹேலரைக் கைவிட்டது மற்றொன்று. நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் ஆறு வாரம் இருந்து வரும் பிள்ளைக்கு அங்கே மூச்சு நன்றாக இருந்திருக்கும், இன்ஹேலர் பெட்டியின் அடியில் கிடந்திருக்கும்.

2014 அக்டோபரிலிருந்து பள்ளிகள் மருத்துவர் சீட்டு இல்லாமலே அவசரத் தேவைக்கான நீல இன்ஹேலரை வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் ஆஸ்துமா கண்டறியப்பட்ட அல்லது அந்த மருந்து எழுதிக் கொடுக்கப்பட்ட, பெற்றோர் எழுத்தில் சம்மதம் தந்த பிள்ளைக்குத்தான் அதைக் கொடுக்க வேண்டும் என்பது அரசின் வழிகாட்டல். 'நோய்: இல்லை' என்று எழுதிய வீட்டுப் பிள்ளைக்கு அந்த மருந்து அலமாரியில் இருந்தும் இல்லாததுதான். விளையாட்டில் சேர்க்க மாட்டார்களோ, நோயாளிப் பிள்ளை என்ற பேர் வந்துவிடுமோ என்று மறைக்கிறார்கள். நாளை பெண் பார்க்க வருபவர்கள் ஆரம்பப் பள்ளிப் படிவத்தைக் கேட்கப் போவதில்லை.

ஊரில் இல்லாத 'ஸ்கூல் நர்ஸ்' இங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், பள்ளிக்குள் ஓர் அறையில் அவர் வெள்ளை உடையில் உட்கார்ந்திருப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகளில் அப்படி யாரும் இல்லை. அவர் சுகாதார சேவையைச் சேர்ந்தவர், பல பள்ளிகளைப் பார்ப்பவர். பிள்ளைக்கு மூச்சு முட்டினால் ஓடி வருவது வகுப்பின் உதவி ஆசிரியையோ அலுவலகப் பெண்ணோதான். மருந்து கொடுக்கும்படி எந்த ஆசிரியரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதனால்தான் எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும்: எந்த மருந்து, எங்கே இருக்கிறது, எந்தக் கட்டத்தில் 999. நோயுள்ள மாணவர்களுக்கு ஆதரவு ஏற்பாடுகள் செய்வது 2014 முதல் அரசுப் பள்ளிகளின் சட்டக் கடமை. கேட்பது உரிமை, கெஞ்சல் அல்ல. காலாவதித் தேதியைப் பார்ப்பதைப் பள்ளியிடம் மட்டும் விட்டுவிடவும் கூடாது. 2017-இல் கிரீன்ஃபோர்டில் பால் ஒவ்வாமையால் இறந்த 13 வயது மாணவனுக்குப் பள்ளியில் செலுத்தப்பட்ட ஊசிமருந்து காலாவதியானது என்று விசாரணையில் தெரியவந்தது.

உணவுப் பெட்டி பற்றி ஒன்று மட்டும். கச்சான் கொடுத்தனுப்பக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எள்ளும் இங்கே சட்டப்படி அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்று என்பது நல்லெண்ணெயில் புரண்ட நமக்கு மனதில் பதிவதில்லை. ஃபுல்ஹாமைச் சேர்ந்த 15 வயது நடாஷா 2016-இல் இறந்தது எள் கலந்த ரொட்டியால்தான். இட்லிப்பொடி தடவி அனுப்பும் நாளில் பக்கத்து இருக்கைப் பிள்ளையையும் ஒரு கணம் நினைக்கலாம்.

வராத நாளைக் காலையிலேயே அறிவிப்பது, வாந்தி வயிற்றோட்டம் நின்று 48 மணி நேரம் வீட்டில் வைத்திருப்பது, பேனுக்காக லீவு எடுக்காமல் இருப்பது எல்லாம் சில மாதங்களில் பழகிவிடும். நீர்க்கொப்புளிப்பான் வந்தால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்ததும் பள்ளி பிள்ளையை எதிர்பார்க்கும். வேப்பிலைத் தண்ணீர் வார்க்க நல்ல நாள் பார்ப்பவர்கள் அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. மூக்கில் விசிறும் ஃப்ளூ தடுப்பு மருந்தில் பன்றி ஜெலட்டின் இருப்பதை அறிந்து சம்மதப் படிவத்தை மடித்து வைப்பவர்கள், அது இல்லாத ஊசியைக் கேட்டு வாங்கலாம்.

பெற்றோரை மட்டும் குறை சொல்லி முடிப்பது நியாயமில்லை. பிள்ளையின் தாய்மொழி என்ன என்பதைப் பள்ளிகள் கேட்டுப் பதிந்து மாணவர் கணக்கெடுப்பில் அரசுக்கே அனுப்புகின்றன. அதே தகவல் அவசரத் தொடர்புப் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது அரிது. அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும்போது வீட்டில் போனை எடுப்பவர் பெரும்பாலும் அம்மம்மா. ஆங்கிலத்தில் கேட்டதும் 'ஓகே, ஓகே' என்று வைத்துவிடுவார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'தமிழ்' என்று ஒரு கட்டம் சேர்க்க பிரெண்ட், ஹாரோ, ரெட்பிரிட்ஜ் பள்ளிகளுக்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அதைக் கேட்டு வாங்கப் பெற்றோர் மாலைச் சந்திப்பே போதும். வாய்ப்பாட்டு மதிப்பெண் பற்றிய பேச்சை இரண்டு நிமிடம் குறைத்துக்கொண்டால் சரி.