வாந்திக்குப் பிறகு நெஞ்சு வலித்தால் சோடா வேண்டாம்

எங்கள் தாமலில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் முதலில் வருவது சோடா. அடுத்தது ஓமத் தண்ணீர். "வாயுதாம்ப்பா, ஒரு ஏப்பம் விட்டா சரியாப் போயிடும்" என்று யாராவது ஒரு பாட்டி தீர்ப்பும் சொல்லிவிடுவார். பெரும்பாலும் பாட்டி சொல்வது சரியாகவும் இருக்கிறது. வம்பே அங்குதான். (பி.காம். படிக்கிறவனுக்கு எதற்கு வைத்தியம் என்று கேட்காதீர்கள், விஷயம் இருக்கிறது.)

1723ல் ஹாலந்துக் கடற்படைத் தளபதி வாஸனார், விருந்துக்குப் பின் வயிறு பாரமாக இருக்கவே வாந்தி மருந்து குடித்தார். ஓங்கரித்தபோது உள்ளே ஏதோ கிழிந்ததுபோல் கடும் வலி. ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. உடலை அறுத்துப் பார்த்தவர் லெய்டன் பேராசிரியர் ஹெர்மன் பூர்ஹாவே. உணவுக்குழாய் கிழிந்திருந்தது. குடித்த மருந்தெல்லாம் நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்தது. சாப்பிட்ட வாத்துக்கறியின் வாடை நெஞ்சுக்கூட்டுக்குள் அடித்தது. 1724ல் அவர் இதை எழுதி வெளியிட்டார். நோய்க்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

கிழிசல் பெரும்பாலும் உணவுக்குழாயின் அடிப்பகுதியில், இடது பக்கம் விழும். மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்கூடு இரைப்பையில் உள்ளதை, அமிலத்தோடும் கிருமிகளோடும், தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும். இதயத்தைச் சுற்றியுள்ள இடம் அழுகத் தொடங்கும். நுரையீரலுக்கு வெளியே காற்றும் சீழும் சேர்ந்து அதை அமுக்கும். சிலருக்குக் கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறவென்று காற்று நகர்வது தெரியுமாம். இந்த நிலையில் நாம் அன்போடு கொடுக்கும் சோடா எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறுவை சிகிச்சையால் இந்த நோயாளி பிழைத்த கதையை லண்டனின் நார்மன் பாரெட் எழுதியது 1947ல்தான். இன்று சி.டி. ஸ்கேன் இருக்கிறது, தையல் இருக்கிறது, ஸ்டென்ட் இருக்கிறது. ஆனாலும் 24 மணி நேரம் தாண்டினால் பிழைப்பது மிகவும் கடினமாகிவிடுகிறது. இது அரிய நோய் என்பதால் மாரடைப்பு, அல்சர் என்று டாக்டர்களே தடுமாறுவதும் உண்டு.

அதனால் என் கட்சி இதுதான்: டாக்டரிடம் "நெஞ்சு வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "முதலில் பலமாக வாந்தி, அப்புறம்தான் வலி" என்று வரிசையாகச் சொல்லுங்கள். துப்பு அந்த வரிசையில்தான் இருக்கிறது. போகிற வழியில் ஒரு மடக்கு தண்ணீர்கூட வேண்டாம். சோடா வாங்க ஓடுகிற பையனை 108க்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். காஞ்சிபுரம் ஒன்றும் தூரமில்லை.