முதல் தவறு அம்மையப்ப முதலியார் வீட்டில் நடக்கட்டும்

உளநல ஆலோசகர்களுக்குப் பயிற்சி தரும் இடங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. கதையில் வரும் ஒரு குடும்பத்தைக் கொடுத்து, அதற்குச் சிகிச்சைத் திட்டம் எழுதச் சொன்னால் மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மூத்தவர்களும் அவர்கள் பக்கமே சாய்கிறார்கள். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நிஜக் குடும்பத்தின் முன்னால் போய் உட்காரட்டும், தானாக வரும்” என்கிறார்கள். அனுபவத்துக்கு மரியாதை செய்வதுபோலத் தோன்றும் இந்த நம்பிக்கை, உதவி தேடி வரும் குடும்பங்களுக்கு நாம் இழைக்கும் அநீதி.

கணவன் குடிக்கிறான். மகன் பள்ளிக்குப் போக மறுக்கிறான். மாமியாரும் மருமகளும் பேசி மாதக்கணக்காகிறது. அப்படிப்பட்ட ஒரு வீடு, அக்கம்பக்கத்தார் வாய்க்குப் பயந்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்து ஏறி ஆலோசகரிடம் வருகிறது. முதல் சந்திப்பிலேயே மனம் கசந்துபோனால் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தை மாணவரின் தடுமாற்றத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று யார் முடிவு செய்தது?

காதுகொடுத்துக் கேட்பதை மனிதர்கள் முன்னால்தான் பழக முடியும், ஒப்புக்கொள்கிறேன். சிகிச்சைத் திட்டம் வேறு வகை வேலை. யாரை முதலில் அழைப்பது, கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைப்பதா தனித்தனியாகவா, வீட்டில் அடிதடியோ தற்கொலை எண்ணமோ இருக்கிறதா, ‘இவன்தான் பிரச்சினை’ என்று எல்லோரும் கைகாட்டும் ஆளுக்குப் பின்னால் வேறென்ன ஒளிந்திருக்கிறது, என்ன மாறினால் முன்னேற்றம் என்று சொல்வோம் - இவ்வளவையும் எழுதி, அடித்து, மறுபடி எழுதிப் பழக வேண்டும். காகிதத்தில் அடித்து எழுதலாம். ஒரு குடும்பத்தின்மேல் எழுதியதை அடிக்க முடியாது.

விசு இயக்கத்தில் 1986இல் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தை எடுத்துக்கொள்வோம். பணத்தகராறில் அப்பா அம்மையப்ப முதலியாருக்கும் மூத்த மகன் சிதம்பரத்துக்கும் முறிகிறது. வீட்டின் நடுவே கோடு விழுகிறது. குடும்ப சிகிச்சையில் சால்வடோர் மினூச்சின் 1974இல் எழுதிய நூலின் மையமே எல்லைக்கோடுதான்: வீட்டில் யாருக்கும் யாருக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது, அது இரும்பாக இறுகிவிட்டதா, இல்லாமலே போய்விட்டதா? மினூச்சின் கருத்தாகச் சொன்னதை விசு தரையிலேயே போட்டுக் காட்டிவிட்டார்.

இந்தக் குடும்பத்தைக் கொடுத்தால் அப்பாவின் ரோஷம், மகனின் சுயநலம், இருவரையும் சமாதானப்படுத்துவது என்றுதான் கை முதலில் எழுதும். இரண்டாவது மருமகள் வசந்தாவுக்கு ஒரு வரி கிடைக்கும்: பொறுமை போதாது, அனுசரித்துப்போகப் பழக்க வேண்டும். அவள் குறைதான் என்ன? கல்யாணமான புதிதில், பிளஸ் டூவில் தவறிக்கொண்டே இருக்கும் தம்பிக்குப் பாடம் சொல்லித்தருவதிலேயே கணவனின் நேரம் போய்விடுகிறது. அவர்கள் இருவருக்கென்று அந்த வீட்டில் ஒரு பொழுதில்லை. அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே கோடு தடித்துப்போன அதே வீட்டில், ஒரு தம்பதிக்கு வேண்டிய கோடு போடப்படவே இல்லை. இதைக் காணத் தவறும் மாணவர், நாளை நிஜமான ஒரு வசந்தாவிடம் “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா” என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

அப்படி அனுப்பியது வெளியே தெரியவும் போவதில்லை. கற்பனைக் குடும்பத்தின் மதிப்பு எனக்கு இந்த இடத்தில்தான் பிடிபடுகிறது. நிஜக் குடும்பத்தைப் பற்றி மேற்பார்வையாளர் பெரும்பாலும் மாணவரின் வாய்வழியாகவே கேட்கிறார். மாணவர் மாமனார் பக்கம் சாய்ந்திருந்தால் அவர் சொல்லும் கதையும் அந்தப் பக்கமே சாயும். பக்கத்து அறையிலிருந்து பார்க்க ஒருவழிக் கண்ணாடி எல்லா ஊரிலும் கிடையாது. படத்தையோ வகுப்பு முழுவதும் பார்த்திருக்கிறது. “வசந்தா அப்படிச் சொல்லவில்லையே” என்று பின்வரிசைப் பெண் எழுந்து கேட்கலாம். மாணவர் தன் வீட்டு வழக்கத்தையும் தன் சாதியின் கௌரவக் கணக்கையும் எங்கே திட்டத்துக்குள் நுழைத்தார் என்பது அப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நிஜக் குடும்பத்தின் சண்டையை இப்படி நடுவில் வைத்து அலச முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. பெயரை மாற்றினாலும் சின்ன ஊரில் தொழிலையும் பிள்ளைகளையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கதைக் குடும்பத்தை வைத்துப் பழகும் வழி அறிஞர்களுக்குக் கேவலமாகப் படவில்லை. பால் வாட்ஸ்லாவிக், ஜேனட் பீவின், டான் ஜாக்சன் மூவரும் 1967இல் எழுதிய ‘பிராக்மாடிக்ஸ் ஆஃப் ஹியூமன் கம்யூனிகேஷன்’ குடும்ப சிகிச்சையின் அடிப்படை நூல்களில் ஒன்று. உறவுகள் எப்படி ஒரு அமைப்பாக இயங்குகின்றன என்பதைக் காட்ட, எட்வர்ட் ஆல்பியின் 1962ஆம் ஆண்டு நாடகத்துக்கு அதில் ஓர் அத்தியாயமே ஒதுக்கினார்கள். இல்லாத ஒரு மகனை இருப்பதாகப் பாவித்து வாழும் ஜார்ஜ், மார்த்தா தம்பதியின் கதை அது.

கதைக் குடும்பம் எதிர்த்துப் பேசாது, சொன்ன நேரத்துக்கு வராமல் இருக்காது என்ற குறை உண்மை. ஆகவே அது முதல் படி மட்டுமே. இதைவிடப் பெரிய ஆபத்து, படத்துக்கு முடிவு இருப்பது. மூத்த மருமகள் உமா தனிக்குடித்தனம் போகும் முடிவைப் பார்த்துவிட்ட மாணவர் அதையே திட்டமாக நகலெடுப்பார். கோடு விழுந்த இடத்திலேயே படத்தை நிறுத்திவிட வேண்டும். இயக்குநரின் தீர்ப்பையும் ஒதுக்கி வைக்க வேண்டும். உமாவின் பொறுமைக்குப் படம் கைதட்டுகிறது. அந்தப் பொறுமைக்கு அவள் கொடுத்த விலை என்ன என்று மாணவர் கேட்க வேண்டும்.

நிஜக் குடும்பங்கள் ஏற்கெனவே நிறையச் சுமக்கின்றன. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களைக் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் குடும்பம் கூடவே தங்குகிறது. இந்த நாட்டில் சிகிச்சையின் பாரத்தில் பாதியைக் குடும்பம் சுமக்கிறது. அதன்மேல் நம் மாணவர்களின் பயிற்சியையும் ஏற்ற வேண்டாம்.

ஆலோசகர் படிப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று கற்பனைக் குடும்பங்களுக்காவது திட்டம் எழுதி, வகுப்பின் கேள்விகளைத் தாங்கி, திருத்தி எழுதாத எந்த மாணவரையும் நிஜக் குடும்பத்தின் முன் உட்கார வைக்காதீர்கள். அந்த மூன்றில் ஒன்றாவது மாணவரின் சாதியோடும் மதத்தோடும் வசதியோடும் ஒத்துப்போகாத வீடாக இருக்கட்டும்.